பழைய கணினியில் இன்றைய இணையம்: சாட்ஸ்வர்த் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபம். அதன் பின்னறையில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. அந்த அறையில் ஏழு கணினிகள் இருக்கின்றன. நான்கில் விண்டோஸ் 98, இரண்டில் எக்ஸ்பி, மிச்சம் ஒன்று நீல நிற ஐமேக் ஜி3. எல்லாம் வீட்டுப் பரணிலிருந்தும் மூடிய அலுவலகங்களிலிருந்தும் வந்து சேர்ந்தவை. இரண்டு வருடம் சும்மா கிடந்த அவற்றில் இப்போது பிள்ளைகள் தமிழ்ப் பக்கங்களைப் படிக்கிறார்கள். அலமாரியில் இருக்கும் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றுதான் அதற்குக் காரணம். அது பார்ப்பது பிராக்ஸி வேலை. அந்தப் பெட்டியைப் பற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்திலிருந்து விசாரிப்பவர்களும் என்னிடம் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பிராக்ஸி என்றால் என்ன?

உங்கள் கணினிக்கும் இணையத் தளத்துக்கும் நடுவில் நிற்கும் இன்னொரு கணினி. உங்கள் கணினி தளத்தோடு நேராகப் பேசாது. "இந்தப் பக்கம் வேண்டும்" என்று பிராக்ஸியிடம் சொல்லும். பிராக்ஸி போய் வாங்கிவந்து, பழைய கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும்.

கரும்புத் தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருப்பாராம். ஊரிலிருந்து கடிதம் வந்தால் எல்லோரும் அவரிடம் கொண்டுபோவார்கள். அவர் படித்துச் சொல்வார், பதிலும் எழுதித் தருவார். என் ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிராக்ஸி பார்ப்பது அதே வேலை. கடிதம் படித்துச் சொல்பவருக்கு வீட்டு விஷயம் முழுக்கத் தெரிந்துவிடும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வங்கிக் கணக்கைப் பற்றிக் கேட்கும் இடத்தில் அது தேவைப்படும்.

இது புதிய யோசனையும் இல்லை. 2005-ல் வந்த ஓபரா மினி இதைத்தான் செய்தது. பக்கத்தை நிறுவனத்தின் சர்வர் திறந்து, சுருக்கி, சின்ன ஃபோனுக்கு அனுப்பியது. நான் முதன்முதலில் இணையத்தைப் பார்த்ததே அப்படி ஒரு ஃபோனில்தான்.

கணினி நன்றாகத்தானே ஓடுகிறது, பிறகு ஏன் ஒரு தளமும் திறப்பதில்லை?

முதல் காரணம் பூட்டு. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் பேசுகின்றன. அதாவது பேச்சு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. அந்தக் குறியாக்கத்தின் விதிமுறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். அதன் முதல் பதிப்பு 1999-ல் வந்தது, 1.2 பதிப்பு 2008-ல், 1.3 பதிப்பு 2018-ல். பழைய 1.0, 1.1 பதிப்புகளைப் பெரிய பிரவுசர்கள் எல்லாம் 2020-ல் கைவிட்டன, சர்வர்களும் ஒவ்வொன்றாக நிறுத்தின. விண்டோஸ் 98-ல் இருக்கும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்குத் தெரிந்தது டிஎல்எஸ் 1.0 வரைதான். அதுவும் செட்டிங்கில் நாமாகப் போய் டிக் போட்டால்தான் வேலை செய்யும். சர்வர் 1.2-க்குக் கீழே பேசமாட்டேன் என்கிறது, எக்ஸ்ப்ளோரருக்கு 1.0-க்கு மேலே தெரியாது. கை குலுக்கும்போதே பேச்சு முறிந்துபோகிறது. திரையில் உங்களுக்குக் கிடைப்பது "பக்கத்தைக் காட்ட முடியவில்லை" என்ற ஒரு வரி.

அடுத்தது சான்றிதழ். "நான் இன்ன தளம்தான்" என்று தளம் காட்டும் சான்றிதழுக்கு மேலே ஒரு வேர்ச் சான்றிதழ் இருக்கும். அது உங்கள் கணினியில் ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும். அப்படி லட்சக்கணக்கான தளங்கள் நம்பியிருந்த ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதுவரை ஒழுங்காக ஓடிய எத்தனையோ பழைய ஃபோன்களும் கணினிகளும் அன்று ஒரே நாளில் தடுமாறின.

பூட்டைத் திறந்து உள்ளே போனாலும் பக்கம் ஒழுங்காக வராது. இன்றைய பக்கங்கள், பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் 2015-க்குப் பிறகு வந்த வடிவத்தில் எழுதப்பட்டவை. படங்கள் வெப்பி என்ற புதிய வடிவில் வருகின்றன. 128 எம்பி ரேம் உள்ள கணினி ஒரு செய்தித் தளத்தின் முகப்பைத் திறப்பதற்குள் மூச்சுத் திணறிவிடும்.

இதில் எதுவுமே உங்கள் கணினி கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. அதனால்தான் அதைக் குப்பையில் போடச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எல்லாப் பழைய கணினிக்கும் பிராக்ஸி வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸ் 7 என்றால் ஃபயர்ஃபாக்ஸ் 115-ன் நீண்டகாலப் பதிப்பைப் போடுங்கள். எக்ஸ்பி என்றால் ஃபயர்ஃபாக்ஸ் 52 பல தளங்களை இன்னும் திறக்கும். சூப்பர்மியம் என்று, குரோமின் அடித்தளமான குரோமியத்திலிருந்து செய்த பிரவுசர் ஒன்றும் எக்ஸ்பியில் ஓடுகிறது, ரேம் தாராளமாக இருந்தால் அதையும் பார்க்கலாம். எங்கள் எக்ஸ்பி கணினிகள் பிராக்ஸி இல்லாமலேயே ஓடுகின்றன.

பிராக்ஸி உண்மையில் தேவைப்படுவது விண்டோஸ் 95, 98, மேக் ஓஎஸ் 9, அதற்கும் முந்தியவற்றுக்கு.

லினக்ஸ் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ். பென்டியம் 4 அல்லது அதற்குப் பிந்திய கணினி என்றால் முயலலாம். எங்கள் நான்கும் பென்டியம் 3. இன்றைய ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் எஸ்எஸ்இ2 என்னும் கட்டளைத் தொகுதி பிராசஸரில் இருந்தே ஆக வேண்டும் என்கின்றன. பென்டியம் 3-ல் அது கிடையாது. லினக்ஸ் ஏறும், புதிய பிரவுசர் ஓடாது.

இன்னொன்றும் உண்டு. மண்டபத்தின் பழைய பிரிண்டர் விண்டோஸ் 98-க்கு மட்டும்தான் பேசும். புரட்டாசி சனிக்கிழமைகளில் பாட்டுத் தாள் அடிப்பது அதில்தான். விண்டோஸைத் துடைத்துவிட்டால் அதுவும் போச்சு.

எந்த பிராக்ஸியைப் போடுவது?

இரண்டு வகை இருக்கின்றன. இரண்டையும் நாங்கள் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறோம், ஏனென்றால் ஒன்று தடுமாறும் இடத்தில் மற்றொன்று கைகொடுக்கிறது.

முதல் வகை பக்கத்தைப் பக்கமாகவே விட்டுவிட்டு, பூட்டை மட்டும் கழற்றித் தருவது. வெப்ஒன் இந்த வகை. இலவச மென்பொருள்தான். லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும், ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அகலக் கணினியிலும் ஓடும். தளத்தோடு அது டிஎல்எஸ் 1.2, 1.3-ல் பேசி, பக்கத்தை வாங்கி, உள்ளே இருக்கும் எச்டிடிபிஎஸ் லிங்குகளை எல்லாம் எச்டிடிபி என்று மாற்றி உங்களுக்கு அனுப்பும். வெப்பி படத்தை ஜேபெக்காகவோ ஜிஃபாகவோ மாற்றவும் செய்யும். எழுத்து எழுத்தாகவே வருவதால் பிரதி எடுக்கலாம், பிரிண்ட் போடலாம், பக்கமும் வேகமாக வரும். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் நம் பழைய பிரவுசரின் தலையில்தான் விழும். கட்டுரை, கதை, விக்கிப்பீடியா, பழைய தமிழ்த் தளங்கள் இவற்றுக்கு இது போதும். மூச்சுக்கு மூச்சு ஜாவாஸ்கிரிப்ட் கேட்கும் தளங்களுக்கு உதவாது.

இரண்டாவது வகை பக்கத்தைப் புகைப்படம் பிடித்து அனுப்புவது. வெப் ரெண்டரிங் பிராக்ஸி, சுருக்கமாக டபிள்யூஆர்பி, இந்த வகை. பெட்டிக்குள் உண்மையான குரோமியம் ஒன்று திரையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது பக்கத்தைத் திறந்து, ஜாவாஸ்கிரிப்டையும் தானே ஓட்டி முடித்து, முழுப் பக்கத்தையும் ஒரே ஜிஃப் படமாக்கி அனுப்பும். நீங்கள் படத்தின்மேல் கிளிக் செய்தால் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பது மட்டும் பெட்டிக்குப் போகும். பெட்டி அதே இடத்தில் குரோமியத்தில் கிளிக் செய்து, புதிய படத்தை அனுப்பும். எங்கள் ஐமேக்கில் இதைப் பார்க்கவே பிள்ளைகள் கூடிவிடுவார்கள். மவுஸை நகர்த்தினால் கீழே பட்டையில் இரண்டு எண்கள் 212, 87 என்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்த எண்கள்தான் கிளிக். 1990-களின் எச்டிஎம்எல்லிலேயே இருந்த வசதி இது, அதனால் எவ்வளவு பழைய பிரவுசராக இருந்தாலும் புரிந்துகொள்ளும்.

இதன் குறை, பக்கம் கொஞ்சம் தாமதமாக வரும். ஜிஃபில் 256 நிறம்தான் என்பதால் புகைப்படங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். எழுத்தைப் பிரதி எடுக்கவும் முடியாது. பிரவுசர்வீஸ் என்று இதே வகையில் இன்னொரு மென்பொருளும் இருக்கிறது. அதுவும் நல்லது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நிறையப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். வெப்ஒன்னை பிரவுசரின் பிராக்ஸி செட்டிங்கில் போட வேண்டும். டபிள்யூஆர்பியை அப்படிப் போடக்கூடாது. அதைச் சாதாரண இணையப் பக்கம்போல முகவரிப் பட்டையில் அடித்துத் திறக்க வேண்டும். திறந்தால் மேலே ஒரு சின்னப் பெட்டி வரும், போக வேண்டிய தளத்தின் முகவரியை அதற்குள் அடிக்க வேண்டும்.

என்னென்ன வாங்க வேண்டும், எப்படி அமைப்பது?

வீட்டில் சும்மா இருக்கும் ஒரு லேப்டாப் போதும், பத்து வருடம் பழையதானாலும் பரவாயில்லை. நாங்கள் 4 ஜிபி ரேம் உள்ள ராஸ்பெரி பை 4 வைத்திருக்கிறோம். வெப்ஒன் மட்டும் என்றால் அதைவிடச் சின்னதிலும் ஓடும். குரோமியத்துக்குத்தான் ரேம் வேண்டும்.

பெட்டியை ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள். ரவுட்டர் செட்டிங்கில் அதற்கு மாறாத முகவரி கொடுத்துவிடுங்கள். எங்களுடையது 192.168.1.50. வெப்ஒன், டபிள்யூஆர்பி இரண்டுமே 8080 என்ற போர்ட்டையே, அதாவது பெட்டிக்குள் நுழையும் வாசல் எண்ணையே, கேட்கும். ஒரே பெட்டியில் இரண்டையும் வைத்தால் ஒன்றை 8081-க்கு மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் 98-ல் கன்ட்ரோல் பேனலுக்குள் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அதில் கனெக்‌ஷன்ஸ், அதில் லேன் செட்டிங்ஸ். அங்கே பிராக்ஸி சர்வர் என்ற கட்டத்தில் டிக் போட்டு, முகவரியும் போர்ட் எண்ணும் கொடுங்கள். நெட்ஸ்கேப் 4 என்றால் எடிட், பிரிஃபரன்சஸ், அட்வான்ஸ்டு, பிராக்ஸிஸ்.

பழைய கணினியையும் கேபிளிலேயே இணையுங்கள். பழைய வைஃபை கார்டுகள் பலவற்றுக்கு டபிள்யூஇபி என்ற பழைய பூட்டுதான் தெரியும். அதற்காக ரவுட்டரின் பாதுகாப்பைக் கீழே இறக்கினால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் திறந்துகிடக்கும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

பிராக்ஸி போட்ட பிறகும் சில முகவரிகளில் பிழை வருகிறதே?

முகவரியை எச்டிடிபிஎஸ் என்று தொடங்கி அடித்திருப்பீர்கள். அதில் கடைசி எஸ் இல்லாமல் எச்டிடிபி என்று அடியுங்கள்.

எச்டிடிபிஎஸ் என்று அடித்தால் பிரவுசர் பிராக்ஸியிடம் "பக்கம் கொண்டுவா" என்று கேட்காது. "அந்தத் தளம்வரை எனக்கு ஒரு குழாய் போட்டுக் கொடு, நானே பேசிக்கொள்கிறேன்" என்று கேட்கும். குழாய் வழியாகப் பேசப்போவது பழைய பிரவுசரின் அதே பழைய பூட்டுதான். வெறும் குழாயாக இருக்கும்வரை பிராக்ஸியால் நடுவில் ஒன்றும் செய்ய முடியாது. எச்டிடிபி என்று அடித்தால்தான் பக்கத்தை வாங்கித் தரும் பொறுப்பு பிராக்ஸியின் கைக்கு வரும். பெரியவர்களுக்கு நான் இதை இரண்டு மூன்று வாரம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. முக்கியமான தளங்களை எச்டிடிபி முகவரியோடு ஃபேவரிட்ஸில் சேர்த்துக் கொடுத்த பிறகு பிரச்சினை தீர்ந்தது.

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வருகின்றன. என்ன செய்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பக்கம் திறந்துவிட்டது, ஆனால் தமிழ் தெரியவில்லை என்றால் நம் வகுப்புக்கு அதனால் என்ன பயன்?

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் கொடுக்கும் முறை யூனிகோட். அதில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் தமிழைத் தானாகவே காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000-ல், லதா எழுத்துருவோடு. எக்ஸ்பியில் ரீஜனல் செட்டிங்ஸுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் இடத்தில் டிக் போட வேண்டும், அது எக்ஸ்பி சிடியைக் கேட்கும். விண்டோஸ் 98-ல் எக்ஸ்ப்ளோரர் 6-ஐப் போட்டு, ஒரு யூனிகோட் தமிழ் எழுத்துருவையும் சேர்த்தால் பக்கத்துக்குள் தமிழ் தெரியும். பக்கத்துக்கு வெளியே, நோட்பேடிலோ கோப்பின் பெயரிலோ தெரியாது. ஐமேக்கின் மேக் ஓஎஸ் 9-க்கு யூனிகோட் தமிழ் அறவே தெரியாது.

ஐமேக்குக்கு டபிள்யூஆர்பியே மருந்து. எழுத்தை வரைவது பெட்டிக்குள் இருக்கும் குரோமியம். ஐமேக்குக்கு வருவது படம். அதில் இருப்பது தமிழா சீனமா என்று அதற்குத் தெரிய வேண்டியதே இல்லை. ஆனால் பெட்டியில் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். முதல் நாள் நான் அதை மறந்துவிட்டேன். பிள்ளைகள் சுற்றி நிற்க, பக்கம் முழுக்கக் கட்டங்களாகவே வந்தது. அழகான வண்ணப் பட்டைகள், பொத்தான்கள், நடுவில் வரிசை வரிசையாகக் காலிக் கட்டங்கள். பெட்டியில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி மறுபடி திறந்தேன். பதினைந்து அங்குலத் திரையில் தமிழ் வந்து நின்றது. 1990-களின் கடைசியில் செய்த கணினி, தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தமிழைக் காட்டியது.

விண்டோஸ் 98-ல் இன்னொரு வழியும் உண்டு, அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

திஸ்கி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. இணையத்தில் உள்ளதை அவற்றோடு சேர்க்க முடியுமா?

வகுப்புக்கு வரும் ஒரு தாத்தா கேட்டது இது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து டர்பனில் கரை சேர்ந்தது முதல் 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். தாத்தா தன் குடும்பத்தில் வந்தவர்களின் எண்களையும், அவர்கள் வேலை பார்த்த தோட்டங்களையும், யார் யாருக்கு யார் பிறந்தார் என்பதையும் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். நாற்பது பக்கம். எல்லாம் விண்டோஸ் 98 கணினியில், திஸ்கி எழுத்துருவில். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுத்த முறைகளில் ஒன்று திஸ்கி. புதிய கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகள் தலைகீழாகக் கொட்டிக் கிடப்பதுபோல் தெரியும். அதனால் அவர் அந்தக் கணினியை விட மறுக்கிறார். அவர் மறுத்தது சரி.

யூனிகோடும் திஸ்கியும் ஒரே தமிழை வேறு வேறு விதமாக எழுதி வைக்கின்றன. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் முதலில் ககரத்தை வைத்து, பிறகு ஒகரக் குறியை வைக்கும். இரண்டு எண்கள். திஸ்கி கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே வைக்கும். முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். மூன்று எண்கள். 'கு' என்றால் நேர்மாறு, யூனிகோடில் இரண்டு எண், திஸ்கியில் ஒரே எண். ஆகவே ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டால் போதாது, எழுத்துகளின் இடத்தையும் மாற்ற வேண்டும்.

அதிர்ஷ்டவசமாக அந்த வேலையை யாரோ நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். லினக்ஸோடு வரும் ஐகான்வ் என்ற சின்னக் கருவிக்குத் திஸ்கி தெரியும். பெட்டியில் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். அது தமிழ்ப் பக்கத்தை வாங்கி, ஐகான்வ் வழியாகத் திஸ்கிக்கு மாற்றி, பக்கத்தின் தலையில் 'இது யூனிகோட்' என்று சொல்லும் யூடிஎஃப்-8 என்ற குறிப்பை நீக்கி, 'பயனர் வரையறுத்தது' என்ற என்கோடிங்கை, அதாவது எழுத்து எண் முறையின் பெயரை, போட்டு அனுப்புகிறது. எக்ஸ்ப்ளோரரில் அந்த என்கோடிங்குக்குத் திஸ்கி எழுத்துருவைத் தேர்ந்து வைத்தால் போதும். திஸ்கியில் இல்லாத இமோஜி போன்றவை வந்தால் ஐகான்வ் பாதியில் நின்றுவிடும். தெரியாததை விட்டுவிட்டு மேலே போகும்படி அதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

இப்போது தாத்தா இணையத்தில் ஒரு பத்தியைத் தேர்ந்து, பிரதி எடுத்து, தன் கோப்பில் ஒட்டுகிறார். அதே எழுத்துரு, அதே அளவு, ஓர் எழுத்துகூடப் பிசகுவதில்லை. முதல் தடவை ஒட்டியதும் அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒட்டிய பத்தியை வாய்விட்டுப் படித்தார்.

எதிர்த்திசையிலும் இதே கருவி வேலை செய்யும். அவருடைய நாற்பது பக்கத்தையும் யூனிகோடுக்கு மாற்றி, கேப் டவுனில் இருக்கும் பேத்திக்கு அனுப்பிவிட்டோம். உங்கள் வீட்டிலும் இப்படிக் கோப்புகள் இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் நின்றுவிடும். அதற்கு முன் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கைப் பார்க்கலாமா?

கூடாது. கடிதம் படிக்கிறவருக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேனே, அதுதான் காரணம். தளத்திலிருந்து பெட்டிவரை பூட்டு இருக்கிறது. பெட்டியிலிருந்து உங்கள் கணினிவரை பூட்டே கிடையாது. நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்ட் அந்தக் கேபிளில் அப்படியே போகும். விண்டோஸ் 98-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2006-லேயே நின்றுவிட்டன. அந்தக் கணினிக்குள் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

டபிள்யூஆர்பியில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. பெட்டிக்குள் இருப்பது ஒரே ஒரு குரோமியம். அதில் நீங்கள் மின்னஞ்சலைத் திறந்துவிட்டு எழுந்து போனால், அடுத்து வந்து உட்காருபவருக்கும் உங்கள் மின்னஞ்சல் திறந்தே இருக்கும்.

எங்கள் அறையில் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: இந்தக் கணினிகளில் பாஸ்வேர்ட் கேட்கும் எதையும் திறக்கக்கூடாது. படிக்கலாம், தேடலாம், பிரிண்ட் எடுக்கலாம்.

வாட்ஸ்அப்? யூடியூப்?

வாட்ஸ்அப்புக்கு மேலே சொன்ன பதிலே பதில். யூடியூப் ஓடாது. படம் படமாக அனுப்பும் பெட்டியால் அசையும் படத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

வீட்டிலிருந்தபடியே மண்டபத்துப் பெட்டியைப் பயன்படுத்தலாமா?

ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டால் முடியும். அதைச் செய்யாதீர்கள். நான் ஒரு முறை செய்தேன். இரண்டு நாளுக்குள் முன்பின் தெரியாதவர்கள் எங்கெங்கிருந்தோ எங்கள் பெட்டி வழியாகப் போய்வரத் தொடங்கிவிட்டார்கள். திறந்த பிராக்ஸியைத் தேடிக்கொண்டு இணையம் முழுக்க நிரல்கள் இரவுபகலாக அலைகின்றன. அவர்கள் செய்யும் எதற்கும் உங்கள் முகவரிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டுக்கும் வேண்டுமென்றால் வீட்டில் தனியாக ஒரு பெட்டி வையுங்கள், அமைத்துத் தர நான் வருகிறேன்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

லோட் ஷெடிங் மிக மோசமாக இருந்த 2023-ல் இதைப் பாடமாகக் கற்றேன். ராஸ்பெரி பையின் எல்லாமே ஒரு சின்ன எஸ்டி கார்டில் இருக்கிறது. அது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெட்டுவிடும். அந்த வருடம் எனக்கு இரண்டு கார்டு போனது. இரண்டாவதில் திஸ்கி நிரலும் போனது, மறுபடி உட்கார்ந்து எழுதினேன்.

இப்போது ரவுட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ்ஸிலேயே பெட்டியையும் மாட்டியிருக்கிறோம். வாங்கும்போது 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தருமா என்று பாருங்கள். 2 ஆம்பியர் என்றால் குரோமியம் திறக்கும் நேரத்தில் பை 4 திணறும். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் கார்டை அப்படியே ஒரு பிரதி எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள்.

கணினியின் தேதி ஒவ்வொரு தடவையும் 1980-க்குப் போய்விடுகிறது. அதனால் ஏதும் கெடுதலா?

உண்டு. தேதி தப்பாக இருந்தால் குக்கீகள் குழம்பும், நீங்கள் சேமிக்கும் கோப்புகளின் தேதியும் தப்பாகவே பதியும். மதர்போர்டில் இருக்கும் நாணயம்போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். எந்தச் சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும், கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். ஐமேக் ஜி3-க்கு அது பொருந்தாது. அதற்கு 3.6 வோல்ட்டில் குட்டையான உருளை பேட்டரி வேண்டும்.

ஃபோன் எல்லோரிடமும் இருக்கிறதே, எதற்கு இவ்வளவு பாடு?

ஃபோன் எல்லோரிடமும் இல்லை. எங்கள் வகுப்பில் ஒரு ஃபோனை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் இருக்கின்றன. ஃபோன் இருக்கும் பிள்ளைக்கும் டேட்டா தீர்ந்துபோகிறது. அதோடு, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குப் பெரிய திரை வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்ட ஒருவர் வேண்டும். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகள் இவர்கள். பழைய கணினியில் அறிவிப்பு எதுவும் வந்து குறுக்கிடாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறக்கும். ஒரு பக்கம் வர எட்டு நொடி ஆகிறது, அந்த எட்டு நொடியில் முந்தைய பக்கத்தில் புரியாத சொல்லைக் கேட்கிறார்கள்.

முதலில் எந்தத் தளத்தைத் திறந்து பார்க்கலாம்?

பிராக்ஸி அமைப்பதற்கு முன்பே ஃபிராக்ஃபைண்டைத் திறந்து பாருங்கள். பழைய கணினிகளுக்காகவே செய்த தேடல் தளம் அது, பூட்டில்லாமல் வெறும் எச்டிடிபியில் வரும், பக்கங்களை வெறும் எழுத்தாகச் சுருக்கித் தரும். அது திறந்தால் உங்கள் கேபிளும் நெட்வொர்க் கார்டும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். திறக்காவிட்டால் முதலில் அவற்றைப் பாருங்கள், பிராக்ஸியைக் குறை சொல்லாதீர்கள்.

பிராக்ஸி வந்த பிறகு மதுரைத் திட்டத்துக்குப் போங்கள். 1998 பொங்கலன்று தொடங்கி, தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கும் தளம். பக்கங்களில் படம் அதிகம் கிடையாது, ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டுத் தொல்லை செய்வதும் இல்லை. அதன் பழைய நூல்கள் பல திஸ்கியில் வந்தவை. அவற்றைத் திறக்க என் நிரல்கூட வேண்டாம், எக்ஸ்ப்ளோரரில் என்கோடிங்கை மாற்றினாலே விண்டோஸ் 98-ல் அப்படியே தெரியும். எங்கள் பிள்ளைகள் போன வாரம் பாட்டுத் தாள் எடுத்தது அங்கிருந்துதான். பிரிண்டரில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் ஆனது. இருபத்திரண்டு தாள், எல்லாவற்றிலும் தமிழ் தெளிவாக விழுந்திருந்தது.